குழந்தைகள் வார்டில் பயிற்சி தொடங்கும் முன்: படிப்படியான ஆயத்தம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பாலர் கல்வியும் சமூகப் பணியும் படிக்கச் சென்றவர்களில் சிலருக்கு, மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செயல்முறைப் பயிற்சி கிடைக்கிறது. நான் சென்ற ஆண்டு அப்பயிற்சியை முடித்தேன். கல்லூரிக் கடிதம், சீருடை, பேருந்து நேரம் முதலியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால், மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: தடுப்பூசிப் பதிவு

மலேசியாவில் 1989 முதல் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஆயினும் அதற்குச் சான்றாக உள்ள பதிவுப் புத்தகம், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வீடு மாறியபோது தொலைந்திருக்கலாம். புதிதாகப் போடுவதானால் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போட வேண்டும் என்பதால், பயிற்சிக்கு அரை ஆண்டு முன்பே கிளினிக்கிற்குச் சென்றுவிடுங்கள்.

வீட்டில் யாருக்கேனும் ‘அம்மா பார்த்திருந்தால்’, அதாவது சின்னம்மை கண்டிருந்தால், வார்டுக்குப் புறப்படும் முன் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். தொற்றியபின் அறிகுறி தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு அந்த அம்மை உயிருக்கே ஆபத்தாகும்.

படி 2: கை

கையைச் சுத்தம் செய்யச் சோப்பும் நீருமானால் 40 முதல் 60 வினாடி, கிருமிநாசினித் திரவமானால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். கடிகாரமும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 3: பை

துணிப் பொம்மைகளை எடுத்துச் செல்லாதீர்கள். அவற்றை ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையில் துடைத்துச் சுத்தம் செய்ய இயலாது. துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைகளே சிறந்தவை. தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கொடுக்காதீர்கள். என் விருப்பத்தைச் சொல்வதானால், கைப்பேசிக் காணொளியைவிடச் சோப்பு நீர்க்குமிழிக் குப்பியையே தேர்வு செய்வேன். குமிழி ஊதும்போது குழந்தை தன்னை அறியாமலேயே மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுகிறது, ஊசி போடும் நேரத்தில் உடல் இறுகாமல் இருக்க அதுவே உதவுகிறது. குமிழி படுக்கையிலும் தரையிலும் சிந்தும் என்பதால் முதலில் தாதியிடம் அனுமதி கேளுங்கள்.

படி 4: சொற்கள்

நான் தவறிய இடம் இது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கையை மறைத்துக்கொண்டு அழுதபோது, “வலிக்கவே வலிக்காது, கண்ணு” என்று சொல்லிவிட்டேன். ஊசி ஏறியது, வலித்தது. அதன்பின் இரண்டு நாள்கள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நீட்டிய வண்ணக்கோலையும் தொடவில்லை. அவளுக்கு வலித்ததைவிட, நான் பொய் சொன்னதே அவளை அதிகம் காயப்படுத்தியிருக்கும் என்று இன்றும் வருந்துகிறேன்.

நம் வீடுகளில் “சேட்டை பண்ணினால் மிஸ்ஸியிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டுவது வழக்கம் (மிஸ்ஸி என்றால் தாதி). மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் பலர், தாங்கள் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று நம்பும் பருவத்தில் இருக்கிறார்கள். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஊசியும் தண்டனையாகவே தோன்றுகிறது. எனவே “நீ எந்தத் தப்பும் செய்யவில்லை” என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, “எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கலாம், அழுதாலும் பரவாயில்லை, கையை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொள்வோம், நான் பத்து வரை எண்ணுகிறேன்” என்று சொல்லலாம். இதை வீட்டில் வாய்விட்டுப் பழகுங்கள். வார்டில் குழந்தை அழும்போது புதிதாகச் சொல் தேட முடியாது. “எப்போது வீட்டுக்குப் போவேன்?” என்று கேட்டால் நாள் குறிக்காமல், “டாக்டரிடம் சேர்ந்தே கேட்போம்” என்று சொல்லுங்கள்.

அதே சொற்களை மலாயிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்பகுதியிலிருந்து வரும் தெமியார் பழங்குடிப் பிள்ளைகளிடம் மலாய்கூடச் சில வேளை போதாது. அவர்களுக்காகப் படம் வரைந்த அட்டைகளைச் செய்துகொண்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த மாணவி ஒருவர், உணவு கொண்டு செல்லலாமா என்று கேட்டார். வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக வயிற்றை வெறுமையாக வைத்திருக்கும் பிள்ளையை உங்களால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மிட்டாய் அந்தச் சிகிச்சையையே தள்ளிப்போட வைத்துவிடும். இன்னொருவர் பிள்ளைகள் அணிந்திருக்கும் தாயத்தையும் கறுப்புக் கயிற்றையும் பற்றிக் கேட்டிருந்தார். அவற்றை நீங்கள் கழற்றாதீர்கள். கழற்ற வேண்டியிருந்தால் தாதி தாயிடம் பேசுவார், கழற்றியதைத் தாயின் கையிலேயே கொடுப்பார்.