முள்ளெலும்பு நழுவினால்: கீஹோல் ஆபரேஷன்களை ஒப்பிடுவது எப்படி?

"எலும்பு நழுவியிருக்கு, சின்ன ஓட்டை போட்டு சரி பண்ணிடலாம்" என்கிறார் ஒரு டாக்டர். இரண்டாமவரும் சின்ன ஓட்டைதான் என்கிறார், ஆனால் எலும்புகளை இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ வேண்டாமாம். மூன்றாமவர் விலாப் பக்கமாகப் போகலாம் என்கிறார். மூன்றுமே கீஹோல்தான், மூன்றும் வெவ்வேறு ஆபரேஷன்கள். தையல் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒப்பிடப் போனால் குழப்பம் தீராது. உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

படி 1: ரிப்போர்ட்டில் எந்த இடம், எந்த வகை, எவ்வளவு என்று பாருங்கள்

ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் (எலும்பு நழுவலுக்கு மருத்துவப் பெயர்) என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 என்று இருக்கும். அதுதான் இடம், இரண்டுமே கீழ்முதுகில் அடுத்தடுத்த எலும்புகளின் இணைப்பு.

வகையில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு. வயதாகி டிஸ்க்கும் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) மூட்டுகளும் தேய்ந்ததால் நழுவுவது ஒன்று. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம், இடம் பெரும்பாலும் எல்4-எல்5. இன்னொன்று, எலும்பின் பின்பக்க வளைவில் விரிசல் விட்டு நழுவுவது. இளம் வயதிலேயே தொடங்கும், பெரும்பாலும் எல்5-எஸ்1. வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்களுக்கும் வரும் விரிசல் இந்த இனம்தான்.

எவ்வளவு நழுவியிருக்கிறது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கீழே உள்ள எலும்பின் மேல்விளிம்பு 40 மில்லிமீட்டர், மேலெலும்பு முன்னால் தள்ளியிருப்பது 8 மில்லிமீட்டர் என்றால் நழுவல் 20 சதவீதம். 1932-ல் மேயர்டிங் என்ற டாக்டர் வகுத்த கணக்குப்படி 25 சதவீதம் வரை கிரேடு 1, 50 வரை கிரேடு 2, 75 வரை கிரேடு 3, அதற்கு மேல் கிரேடு 4. தேய்மான வகை பெரும்பாலும் முதல் இரண்டு கிரேடுகளிலேயே நின்றுவிடும். பின்பக்க வளைவு உடையாமல் இருப்பதால் அதுவே தடுப்பாகிறது.

படி 2: நின்று எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா?

பலர் எம்ஆர்ஐ கவரை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போகிறார்கள். எம்ஆர்ஐ படுக்க வைத்து எடுப்பது. படுத்தால் சிலருக்கு நழுவிய எலும்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிப்போர்ட்டிலும் குறைவாகத்தான் வரும். நின்றபடி ஒரு படம், முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று எடுத்து, எலும்பு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இது இல்லாமலே ஸ்க்ரூ பேச்சு வந்தால், நானாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்பேன்.

படி 3: வலியை இரண்டாகப் பிரியுங்கள்

நடந்தால் காலில் குடைச்சல், மரத்துப்போதல், உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் நிம்மதி. இது நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. எழும்போதும் புரளும்போதும் இடுப்பில் மட்டும் பிடித்துக்கொண்டால் எலும்பின் ஆட்டமாகவும் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். கால் வலிக்கு ஆபரேஷன் தரும் பலன் தெளிவானது. வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவு உறுதி கிடையாது.

கிரேடு 1, 2-ல் பலருக்கு உடற்பயிற்சியும் மருந்துமே போதும், அவசரம் இல்லை. ஆனால் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

படி 4: இப்போது ஆபரேஷன்களுக்கு வரலாம்

*நெருக்கடியை மட்டும் நீக்குவது.* தோலைச் சிறிதாகக் கீறி, மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் மேல் அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று என்று தசை நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போவார்கள். கடைசிக் குழாய் ஏறக்குறைய கட்டைவிரல் பருமன். அதன் வழியே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒரே பக்கத்திலிருந்து இரண்டு பக்க நரம்புக்கும் இடம் செய்துவிடலாம். எண்டோஸ்கோப்பில் செய்தால் கீறல் இன்னும் சிறிது. ஸ்க்ரூ இல்லை, எலும்பு ஒட்டும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் நழுவல் அப்படியேதான் இருக்கும்.

*கீஹோல் டீ-லிஃப்.* முதுகு வழியாகவே போய், ஒரு பக்க மூட்டை எடுத்து, டிஸ்க்கைச் சுரண்டி, அந்த இடத்தில் எலும்புத் துகளோடு கேஜ் (சிறு கூடு போன்ற தாங்கி) வைத்து, ஸ்க்ரூவும் கம்பியும் மாட்டுவது. இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்வதற்காக இது. நரம்பை நேரடியாகப் பார்த்து விடுவிக்க முடிவது பெரிய சாதகம். கீறல் சிறிதாக இருப்பதால் ஸ்க்ரூவை வழிநடத்த எக்ஸ்ரே அதிகம் தேவைப்படும். வழக்கமான திறந்த முறையோடு பார்த்தால் ரத்தச் சேதம் குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

*பக்கவாட்டு வழி.* விலாவுக்குக் கீழே நுழைந்து பெரிய கேஜ் வைப்பது. கேஜ் டிஸ்க்கின் உயரத்தைத் தூக்கிவிடுவதால், நரம்பைத் தொடாமலே அதற்கு இடம் கிடைக்கும். இதில் இரண்டு வகை. எக்ஸ்-லிஃப், முதுகெலும்பை ஒட்டியுள்ள சோவாஸ் தசைக்குள் புகுந்து போகும், அதனால் தொடையில் தற்காலிக மரப்போ பலவீனமோ வரலாம். ஓ-லிஃப் அந்தத் தசைக்கு முன்னால் போகும், அங்கே ரத்தக் குழாய்களில் கவனம் வேண்டும். எல்5-எஸ்1-க்கு இடுப்பெலும்பு மறிப்பதால் எக்ஸ்-லிஃப் எட்டாது.

*வயிற்று வழி, ஏ-லிஃப்.* எல்5-எஸ்1-க்கு நல்ல பாதை. ஆண்களுக்கு விந்து பின்னோக்கிப் போகும் சிக்கல் எப்போதாவது வரும். குழந்தை வேண்டும் என்ற வயதில் இருப்பவர் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

படி 5: ஸ்க்ரூ வேண்டுமா?

நான்கு பெயர்களில் திணறாமல் முதலில் இதைக் கேளுங்கள். தேய்மான வகைக்கு இதில் நல்ல ஆய்வுகள் உண்டு. நார்வேயில் 267 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், நெருக்கடியை மட்டும் நீக்கியவர்களில் 71.4 சதவீதம் பேருக்கும், ஸ்க்ரூவும் வைத்தவர்களில் 72.9 சதவீதம் பேருக்கும் இரண்டு வருடத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஏறக்குறைய சமம். மறு ஆபரேஷன் முதல் குழுவில் 12.5, இரண்டாவதில் 9.1 சதவீதம். 2016-ல் வந்த ஸ்வீடன் ஆய்வும் ஸ்க்ரூவால் கூடுதல் பலன் காணவில்லை. அதே 2016-ல் 66 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு மட்டும் ஸ்க்ரூ பக்கம் சாய்ந்தது: நான்கு வருடத்தில் மறு ஆபரேஷன் 14 சதவீதம், ஸ்க்ரூ இல்லாதவர்களில் 34.

என் வாசிப்பு இது: தேய்மான வகை, எலும்பு பெரிதாக ஆடவில்லை, தொல்லை காலில்தான் என்றால் சின்ன ஆபரேஷனிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். படத்தில் எலும்பு நன்றாக ஆடினால் ஸ்க்ரூவுக்கு நியாயம் உண்டு. விரிசல் வகைக்கு இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நரம்பு வெளியேறும் துவாரமே இடுங்கியிருக்கும், அதனால் பெரும்பாலும் எலும்பை ஒட்டவைக்கத்தான் வேண்டியிருக்கும்.

படி 6: ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்

- எனக்கு இருப்பது எந்த வகை? எலும்பு ஆடுகிறதா, எத்தனை மில்லிமீட்டர்?
- ஸ்க்ரூ வைத்தால் எதற்காக? வைக்காவிட்டால் என்ன ஆகும்?
- நீங்கள் அதிகம் செய்யும் முறை எது?

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். தினமும் டீ-லிஃப் செய்யும் கைக்கு டீ-லிஃப்தான் நல்ல ஆபரேஷனாகத் தெரியும், அதில் தப்பும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எலும்பை ஒட்டவைப்பதாக முடிவானால், ஆபரேஷன் தேதிக்கு முன்பே சிகரெட்டை விட்டுவிடுங்கள். எலும்பு கூடி வரப் பல மாதங்கள் ஆகும், புகை அதைக் கெடுக்கும்.