'எம்' என்ற எழுத்தை நம்பி ஏமாந்த கதை

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு மடித்தபடி கிடக்கிறது. இணையத்தில் நான் வாங்கிய முதல் பழைய உடை அதுதான். படத்தைப் பார்த்ததுமே மனம் போய்விட்டது. கழுத்துச் சீட்டில் 'எம்' என்றிருந்தது. நானும் 'எம்' தானே என்று வாங்கிவிட்டேன். வந்தது, போட்டேன், கையைத் தூக்க முடியவில்லை. தோளில் இரண்டு அங்குலம் குறைவு. இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னால் தையல்காரர் தருவார், கையையும் குட்டையாக்குவார். கோட்டின் தோளைத் தொடச் சொன்னால்தான் முகம் சுளிப்பார். கை, காலர், உள்துணி எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். கூலி கோட்டின் விலையை விழுங்கிவிடும்.

அந்த எழுத்துக்கு ஒரே பொருள் என்று எங்கும் கிடையாது. அமெரிக்காவில் 1958-இல் பெண்கள் உடைக்கென அரசே ஓர் அளவுத் தரத்தை வெளியிட்டது. 1983-இல் அதையும் கைவிட்டார்கள். இன்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. பழைய உடை என்றால் எந்த ஆண்டின் கணக்கு என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே முதல் வேலை கடையைத் திறப்பதல்ல, அளவு நாடாவை எடுப்பது. உடம்பை அளக்க வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடித்து நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றை மேசையில் விரித்து, பொத்தான்களைப் போட்டு, சுருக்கம் நீக்கி அளந்துகொள்ளுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கையின் நீளம், பின்பக்கம் காலருக்குக் கீழிருந்து விளிம்பு வரை. என் கைப்பேசியில் 52, 43, 60, 72 என்று சென்டிமீட்டரில் குறித்து வைத்திருக்கிறேன். கோட்டு என்றால் அக்குள் அளவில் ஐந்து கூட்டிக்கொள்வேன், உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டுமே. பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை, உட்காலின் நீளம் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு கால்களும் சேரும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டை வரையுள்ள உயரத்தை அநேகமாக யாரும் கேட்பதில்லை. உட்கார முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

விற்பவர் 'மார்பு 40' என்று மட்டும் எழுதியிருந்தால் நிறுத்தி, விரித்து அளந்ததா, சுற்றளவா, அங்குலமா, சென்டிமீட்டரா என்று கேளுங்கள். என் 52 சுற்றளவில் 104. அங்குலத்தில் ஏறக்குறைய 41. ஒரே சட்டைக்கு மூன்று எண்கள்!

அடுத்தது படங்கள். காட்டியதைவிடக் காட்டாததைப் பார்க்கப் பழக வேண்டும். முன்பக்கம் மட்டும் ஐந்து படங்கள், பின்பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால் பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். உடை முதலில் தேய்வது காலரின் உள்மடிப்பு, கைவிளிம்பு, முழங்கை, அக்குள் ஆகிய இடங்களில். ஜீன்ஸ் என்றால் தொடைகள் உரசும் இடத்தில். 'புதிது போல' என்ற சொல்லுக்கு என்னிடம் மதிப்பில்லை. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் அக்குளைப் பார்த்ததே இல்லை. அக்குள், காலரின் உட்புறம், துணி விவரச் சீட்டு மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பளியென்றால் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பூச்சி அரித்த ஓட்டைகள் வெளிச்சத்தில் பல்லிளிக்கும். வாசனையைப் படம் எடுக்க முடியாது. ஆகவே புகை பிடிப்பவர் வீடா, அந்துருண்டை போட்டு வைத்ததா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் நான் வாங்குவதில்லை.

துணி விவரச் சீட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பருத்தி, லினன், கம்பளி கிழிந்தால் தைக்கலாம், இழையோட்டலாம். பாலியெஸ்டரில் ஊறிய வியர்வை நாற்றம் நான்கு முறை துவைத்தாலும் உடம்புச் சூடு பட்டதும் திரும்பி வரும். எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த ஜீன்ஸில் அந்த இழுவை ஒருமுறை தளர்ந்துவிட்டால் முழங்கால் தொங்கத்தான் செய்யும். எந்தத் தையலும் அதை மீட்காது. பழைய ஜீன்ஸ் என்றால் முழுப் பருத்தியாகத் தேடுகிறேன்.

தேடும்போது 'அழகான கோட்டு' என்றெல்லாம் போடாதீர்கள். துணி, நிறம், வெட்டு ஆகியவற்றைப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுத்துப் பிழையோடும் ஒருமுறை தேடுங்கள். பிழையாகப் பதிந்த உடைகள் பலர் கண்ணில் படாமல் மலிவாகக் கிடக்கும். தேடலைச் சேமித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துவதைக் குறிக்கும் 'நிதான ஃபேஷன்' என்ற சொல்லை 2007-இல் பரவலாக்கியவர் ஆய்வாளர் கேட் ஃப்ளெட்சர். பழையதை வாங்குகிறோம் என்ற நிம்மதியில் வாரம் மூன்று பொட்டலம் வரவழைத்தால் அதில் நிதானம் எங்கே இருக்கிறது? நானும் அப்படி ஒரு காலம் இருந்தேன். இப்போது விரும்பியதைக் குறித்து வைத்து மூன்று நாள் பொறுக்கிறேன். அதற்குள் விற்றுப்போனால் போகட்டும். அலமாரியில் ஏற்கெனவே உள்ள எந்த மூன்று உடைகளோடு இது சேரும் என்று சொல்ல முடியாவிட்டாலும் விட்டுவிடுகிறேன்.

பணத்தைத் தளத்துக்குள்ளேயே செலுத்துங்கள். வெளியே அனுப்பினால் குறைவு என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். நீங்கள் உறுதி செய்யும்வரை பணத்தைத் தம்மிடமே வைத்திருக்கும் தளங்கள் உண்டு. உடையைப் போட்டுப் பார்க்காமல் தளத்தில் உறுதி செய்யும் பொத்தானை அழுத்த வேண்டாம்.

பொட்டலம் வந்ததும் அலமாரிக்குள் போகக் கூடாது. பருத்தியை, சாயமும் சீட்டும் அனுமதித்தால், 60 டிகிரியில் துவையுங்கள். கம்பளியைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வீட்டில் முணுமுணுப்பார்கள், பையின் மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்தச் சாம்பல் கோட்டைப் போன வாரம் விற்பனைக்குப் போட்டேன். தோள் 38 சென்டிமீட்டர் என்று முதல் வரியிலேயே எழுதி, நாடாவை வைத்துப் படமும் எடுத்துப் போட்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "இது எம் தானே?"