தீவிரவாதப் பேச்சைத் தடை செய்தால் தீவிரவாதம் குறையுமா? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் இந்த வாக்குவாதம் திரும்பி வருகிறது. "அந்தச் சமூக ஊடகக் கணக்குகளை அன்றைக்கே மூடியிருந்தால் இது நடந்திருக்காது" என்பார் ஒருவர். "மூடினால் வேறு இடத்துக்குப் போய் இன்னும் மோசமாகத்தான் ஆவார்கள்" என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், இருவருக்குமே கைகாட்ட ஆய்வுகள் இருக்கின்றன. சில சமயம் ஒரே ஆய்வை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால், அந்த ஆய்வுகள் எதை அளந்தன என்பதை இருவருமே நிதானமாகப் படிக்கவில்லை.

ஒரு தளத்தின் கணக்கை உலகத்தின் கணக்காக எடுத்துக்கொள்வது

அடிக்கடி நடக்கும் தவறு இது. 2015-ல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளம் சில குழுக்களை மூடியது. அவற்றில் ஒன்று உடல் பருமன் உள்ளவர்களை இழிவுபடுத்துவதற்கென்றே இருந்தது. இன்னொன்று கறுப்பின மக்கள் மீது வெறுப்பைக் கக்கியது. இந்த இரண்டு குழுக்களில் இருந்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அவர்கள் அலசியிருந்தார்கள். கணிசமானவர்கள் ரெடிட்டை விட்டே போய்விட்டார்கள். தங்கியவர்களின் எழுத்தில் வெறுப்புச் சொற்கள் குறைந்தது 80 சதவீதம் சரிந்தன. அவர்கள் குடிபெயர்ந்த மற்றக் குழுக்களும் அதனால் கெட்டுப்போகவில்லை.

நல்ல ஆய்வு, தெளிவான முடிவு. ஆனால் இது ரெடிட்டுக்குள் நடந்ததை மட்டுமே சொல்கிறது. போனவர்கள் எங்கே போனார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. கட்டுப்பாடு குறைந்த வோட் போன்ற தளங்களுக்குச் சிலர் போனதை ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். இது எதையும் சொல்லாமல், "தடை செய்தால் வெறுப்பு 80 சதவீதம் குறையும்" என்று அந்த எண் மட்டும் தனியாக ஊர் சுற்றுகிறது. என் வீட்டுக் குப்பை குறைந்தது என்பதும் குப்பையே குறைந்தது என்பதும் ஒன்றா?

அதற்காக அந்த முடிவை ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு பெரிய தளத்தில் தற்செயலாக வந்து போகும் லட்சக்கணக்கான பேரின் கண்ணில் அந்தப் பேச்சு படாமல் போவது சாதாரண விஷயம் இல்லை. அது ஒரு விளைவு, அவ்வளவுதான். தீவிரமயமாதல், அதாவது ஒருவர் படிப்படியாகத் தீவிரச் சிந்தனைக்குள் போவது, குறைந்தது என்பதற்கு அது சான்று ஆகாது.

பரப்பும் தீவிரமும் ஒரே திசையில் நகரும் என்று நினைப்பது

போனவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வும் உண்டு. 2021-ல் வெளிவந்த அந்த ஆய்வு, ரெடிட்டிலிருந்து வெளியேறித் தங்களுக்கென்று தனித்தளம் அமைத்துக்கொண்ட இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. ஒன்று டிரம்ப் ஆதரவாளர்களின் 'தி டொனால்ட்'. மற்றது, பெண் துணை கிடைக்காத ஆத்திரத்தைப் பெண்கள் மீதே திருப்பிய 'இன்செல்' கூட்டம்.

இரண்டிலும் மொத்த நடமாட்டம் குறைந்தது. புதிதாக வருபவர்கள் நன்றாகவே குறைந்தார்கள். பழைய இடத்தில் கூடவே இருந்தவர்களில் பலர் புது இடத்துக்கு வரவே இல்லை. தடையை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தோடு ஆய்வை மூடி வைத்துவிடுகிறார்கள். அடுத்த பகுதியில் இருப்பது இது: வந்து சேர்ந்தவர்கள் முன்பைவிட ஆளுக்கு அதிகமாக எழுதினார்கள். டொனால்ட் கூட்டத்தின் பேச்சில் நஞ்சும், குறிப்பிட்ட எதிரிகள் மீதான வெறியும் கூடியிருந்தன. இன்செல் கூட்டத்தில் அந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

ஆக, கூட்டம் சிறுத்தது; ஒரு கூட்டத்திலாவது மீந்தவர்களின் சூடு ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. "குறைந்ததா, கூடியதா?" என்று கேட்டால் இதற்குப் பதிலே சொல்ல முடியாது. ஆயிரம் பேர் அரைகுறையாக நம்புவது ஆபத்தா, நூறு பேர் முழுமூச்சாக நம்புவது ஆபத்தா? தேர்தல் முடிவைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு முதலாவது. அடுத்த குண்டு எங்கே வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் காவல்துறைக்கு இரண்டாவது. யாருடைய கவலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் விவாதத்தில் இறங்குவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

விளிம்பில் நிற்பவரையும் நடுவில் இருப்பவரையும் ஒரே ஆளாக நினைப்பதும் இதோடு ஒட்டிய தவறுதான். ஃபேஸ்புக் தளத்திலிருந்து ஆறு வெறுப்பு அமைப்புகளின் வலைப்பின்னல்களை நீக்கிய பிறகு, அவற்றை நடத்தாமல் பார்வையாளர்களாக இருந்த சுமார் 26,000 பேர் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை 2023-ல் வந்தது. மொத்தத்தில் அவர்கள் வெறுப்புப் பதிவுகளைப் பார்ப்பதும் எழுதுவதும் குறைந்தன. இதைச் செய்தவர்கள் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது போல இருக்கிறதே என்று எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. ஆனால் அந்தத் தரவு வெளியில் வேறு யாருக்கும் கிடைக்காது, என்ன செய்ய? அமைப்பின் தலைமையையும் நிர்வாகிகளையும் மொத்தமாக ஒரே நேரத்தில் அகற்றியபோது கிடைத்த விளைவு அது. கண்ணில் பட்ட பதிவை ஒவ்வொன்றாக அழித்தாலும் அதேதான் நடக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

எல்லாப் புகழும் தடைக்கே

இராக்கிலும் சிரியாவிலும் நிலத்தைப் பிடித்து ஓர் அரசை அறிவித்த ஐ.எஸ். அமைப்பின் கதையைத்தான் தடையின் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். 2014-ன் கடைசி மாதங்களில் அதன் ஆதரவாளர்கள் ட்விட்டரில் குறைந்தது 46,000 கணக்குகளை வைத்திருந்தார்கள் என்பது அப்போதைய மதிப்பீடு. 2015 நடுவிலிருந்து தீவிரவாதம் தொடர்பாக 1,25,000 கணக்குகளை முடக்கியதாக ட்விட்டர் 2016 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 3,60,000 ஆனது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முடக்கியது முடக்கியபடியே இருந்தால் எண் இந்த அளவுக்கு ஏறியிருக்குமா? ஒரே ஆள் காலையில் முடக்கப்பட்டு மாலையில் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவது அன்று வாடிக்கை. முடக்கப்பட்ட கணக்குகள் என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தவுடன் 'அடேயப்பா' என்று சொல்லிவிடுவது தனியாக எழுதத் தேவையில்லாத அளவுக்கு எளிய தவறு.

இருந்தாலும் திரும்பத் திரும்ப வருவது சும்மா நடந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் பின்தொடர்பவர்களைப் புதிதாகத் திரட்ட வேண்டும். தொடர்ந்து முடக்கப்பட்டவர்களால் பழைய எண்ணிக்கையை எட்ட முடியவில்லை என்பதை அன்றைய ஆய்வுகள் காட்டின. மெல்ல மெல்ல அவர்கள் டெலிகிராமுக்குப் போனார்கள். 2019 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் டெலிகிராமும் சேர்ந்து அங்கேயும் பெரிய அளவில் துடைத்தன. அப்புறம் டாம்டாம், ஹூப் என்று தெரியாத செயலிகளிலெல்லாம் இடம் தேடினார்கள். ட்விட்டரில் இருந்த வீச்சு எங்கேயும் திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, இதெல்லாம் தடையின் வேலையா? அதே ஆண்டுகளில் களத்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 2017 ஜூலையில் ஐ.எஸ். பிடியிலிருந்து இராக்கின் மோசுல் நகரம் கை நழுவியது, அக்டோபரில் சிரியாவின் ரக்கா. 2019 மார்ச்சில் பாகூஸ் என்ற கடைசித் துண்டு நிலமும் போனது. "வாருங்கள், இங்கே ஓர் அரசு இருக்கிறது" என்று கூவுவதற்கு அரசே இல்லை. எல்லைகள் இறுகிவிட்டதால் போக நினைத்தவர்களாலும் போக முடியவில்லை. ஆள் சேர்ப்பு குறைந்ததில் கணக்கு முடக்கத்துக்கு எத்தனை பங்கு, பீரங்கிக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி மட்டும் இருந்தது: அதே காலத்தில் ட்விட்டரில் இருந்த வேறு ஜிகாதி அமைப்புகள் அவ்வளவாகத் துரத்தப்படவில்லை. அவர்களின் கணக்குகள் நீண்ட நாள் பிழைத்திருந்தன, சமூகமாகவும் இயங்கின. ஐ.எஸ். கணக்குகள் சிதறின. ட்விட்டரில் அவர்களின் சமூகம் உடைந்ததற்குத் தடை ஒரு காரணம் என்று இதை வைத்து நம்பிச் சொல்லலாம். அதைத் தாண்டிப் போகும்போதுதான் கால் வழுக்குகிறது.

பேச்சு, நம்பிக்கை, வன்முறை: மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது

தளங்களால் அளக்க முடிந்தது சொற்களை மட்டுமே. ஒருவர் வெறுப்புச் சொல்லை எழுதுவதை நிறுத்தினால் அவர் மனம் மாறிவிட்டார் என்று ஆகாது. தடைக்குப் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம், மறைமுகச் சங்கேதச் சொற்களுக்கு மாறியிருக்கலாம். அந்தப் பக்கமும் இதே கதைதான். மிகக் கொடூரமாக எழுதுபவர்களில் பெரும்பாலோர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. வன்முறையில் இறங்கியவர்களில் சிலருக்குத் தாங்கள் கொல்லப் போகும் காரணத்தின் கொள்கையே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கருத்தில் தீவிரமாவதும் செயலில் தீவிரமாவதும் தனித்தனிப் படிக்கட்டுகள் என்று இந்தத் துறையில் பலர் சொல்வது இதனால்தான்.

பிரிட்டனில் பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 223 பேரின் வழக்குகளை ஆராய்ந்தவர்கள், இணையவழி, நேர்வழி என்று ஆட்களை இரண்டு பெட்டிகளில் போடவே முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். நேரில் கூட்டாளிகளைச் சந்தித்தவர்கள்தான் இணையத்திலும் அதிகமாகத் தேடினார்கள். திரையை மட்டும் அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த 223 வழக்குகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

'தடை' என்பது ஒரே பொருள் என்று எண்ணுவது

பதிவை நீக்குவது, ஆளை நீக்குவது, குழுவை மூடுவது, பரிந்துரையில் வராமல் செய்வது, தளத்தையே தாங்கி நிற்கும் சர்வரைப் பிடுங்குவது, அரசு சட்டம் போடுவது. இவை எல்லாவற்றையும் 'தடை' என்ற ஒரே சொல்லில் போட்டுப் பேசுகிறோம். டொனால்ட் குழுவை மூடுவதற்கு ஓராண்டு முன்பு, 2019 ஜூனில், ரெடிட் அதைத் தனிமைப்படுத்தி மட்டும் வைத்தது. உள்ளே போகும்போது எச்சரிக்கை வரும், தேடலில் வராது. புதியவர்களின் வரத்து பாதிக்கும் மேல் குறைந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் பேச்சு மாறவே இல்லை.

2021 ஜனவரியில் அமேசான் தன் சர்வர்களிலிருந்து பார்லர் என்ற சமூக ஊடகத்தை இறக்கியபோது தளமே சில வாரங்கள் இருண்டது. அதன் பயனர்கள் மற்ற விளிம்புத் தளங்களுக்கு, அதாவது கட்டுப்பாடு குறைந்த சிறு தளங்களுக்கு, பிரிந்து போனார்கள். மொத்தக் கணக்கில் விளிம்பு நடமாட்டம் குறையவில்லை. 2019-ல் மூன்று துப்பாக்கிச்சூடுகளோடு தொடர்புபட்ட 8சான் தளத்தை அந்த ஆகஸ்டில், தளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் கைவிட்டது. நவம்பரில் அது 8குன் என்ற பெயரில் திரும்பியது.

அரசுச் சட்டத்தில் சிக்கலே வேறு. 2018 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டம், அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவை 24 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது. அபராதம் 5 கோடி யூரோ வரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாத உள்ளடக்க விதி 2022 ஜூனிலிருந்து ஒரு மணி நேரம்தான் தருகிறது. பிரான்ஸ் இப்படி ஒரு சட்டத்தை 2020-ல் கொண்டுவர, பேச்சுரிமையை மீறுகிறது என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. கடிகாரம் ஓடும்போது சந்தேகம் வந்தால் நீக்கிவிடுவதுதான் நிறுவனத்துக்கு லாபம். சட்டம் வராமலேயே இது நடந்திருக்கிறது: 2017-ல் யூடியூபின் தானியங்கிக் கருவி, சிரியப் போர்க்குற்றங்களைப் பதிவு செய்துவைத்திருந்த மனித உரிமைக் குழுக்களின் காணொளிகளையும் தீவிரவாதக் காணொளி என்று தூக்கி எறிந்தது.

வேகம் இருந்தால் போதும் என்பது

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி நேரலை செய்தபோது அதைப் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் 15 லட்சம் பிரதிகளை அகற்ற வேண்டியிருந்தது. அவற்றில் 12 லட்சம் பதிவேறும்போதே தடுக்கப்பட்டவை. எல்லோரும் பாடம் கற்றார்கள், கருவிகளைக் கூர்தீட்டினார்கள். 2022 மே மாதம் அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு கடையில் 10 பேரைக் கொன்றவனின் நேரலையை ட்விட்ச் என்ற நேரலைத் தளம் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்தியது. இதைவிட வேகம் யாரிடம் எதிர்பார்க்க முடியும்? அதற்குள் ஒருவர் பதிவு செய்திருந்தார். ஒரு பிரதி ஸ்ட்ரீமபிள் தளத்தில் 30 லட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

தன்னை இந்தப் பாதையில் இறக்கியது எது என்று பஃபலோ கொலையாளியே எழுதி வைத்திருந்தான். 4சான் தளத்தில் அவன் பார்த்த ஒரு சின்னத் துண்டுக் காட்சி. கிறைஸ்ட்சர்ச் காணொளியிலிருந்து வெட்டியது.