பிடிக்காத புத்தகமா? 100லிருந்து வயதைக் கழியுங்கள்

புத்தகம் நகரவே மாட்டேன் என்கிறதா? 50 வயதைத் தாண்டியவர் என்றால் 100லிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். வருகிற எண்தான் அதற்கு நீங்கள் தர வேண்டிய பக்கங்கள்; அதற்குள் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம் போதும். 50 வயதும் அதற்குக் கீழும் உள்ள எல்லோருக்கும் 50 பக்கம். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன கணக்கு இது. வயது ஏற ஏறப் படிக்க மிச்சமிருக்கும் நாள் குறைகிறது அல்லவா!

'காசு கொடுத்து வாங்கினோமே, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற நினைப்புதான் நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. போன காசும் நேரமும் முடித்தாலும் திரும்பாது. எல்லையை முதலிலேயே போட்டுவிட்டால் அந்த மனப் போராட்டமே எழாது. நான் அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவிடுவேன்; இரவல் புத்தகம் என்றால் துண்டுச்சீட்டு. கோட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருந்தால் புத்தகம் தேறிவிட்டது.

பாடப்புத்தகத்துக்கும் வேலைக்காகப் படிப்பதற்கும் இது ஆகாது. சிறுகதைத் தொகுப்புக்கும் தேவையில்லை, பிடிக்காத கதையை விட்டு அடுத்ததற்குத் தாவலாம். தூக்கக் கலக்கத்தில் புரட்டிய பக்கங்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.