தொழிற்சாலைத் தளத்துக்கு டேப்லெட் தேர்ந்தெடுப்பது எப்படி

முதலில் மென்பொருளைப் பாருங்கள், கருவி பிறகு. உற்பத்திப் பதிவுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் பழைய நிரல் இருந்தால், ஆண்ட்ராய்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உதவாது. பிரவுசரிலேயே வேலை முடியுமென்றால் ஆண்ட்ராய்டே போதும். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அந்தப் பழைய சரக்கை எடுக்க வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறுவது, தூசியையும் தண்ணீரையும் கருவி எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண்ணில்தான். ஐபி67-இல் 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 7 தாங்கினால் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள், அது வேறு சோதனை. குழாய் வைத்துக் கழுவும் இடத்துக்கு ஐபி65 அல்லது 66 என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்துவிட்டால் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. தினமும் செருகிப் பிடுங்கினால் முதலில் போவது அந்த மூடிதான். அதனால் பின்பக்கத் தொடுமுனை வழியே சார்ஜ் ஏறும் டாக் (டேப்லெட்டைப் பொருத்தி வைக்கும் தாங்கி) உள்ள மாடலே நல்லது.

விழும் சோதனையிலும் விவரம் கேளுங்கள். மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள்; ஆனால் அதை 5 கருவிகளுக்குப் பிரித்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

நாள் முழுக்க டாக்கிலேயே கிடக்கும் டேப்லெட்டின் பேட்டரி 100 சதவீதத்திலும் சூட்டிலும் இருந்து உப்பலாம். மேசையில் மல்லாக்க வைத்து மூலையைத் தட்டுங்கள். முன்பு ஆடாதது இப்போது ஆடினாலோ திரை விளிம்பு எழும்பியிருந்தாலோ உடனே ஒதுக்கிவிடுங்கள். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பும், கழற்றி மாற்றும் பேட்டரியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

கரைப்பான் ஆவி சேரும் பெயின்ட் கலவை அறை போன்ற இடங்களுக்கு, அந்த மண்டலத்துக்கென ஏடெக்ஸ் அல்லது ஐஈசிஈஎக்ஸ் சான்று (வெடிக்கும் ஆபத்துள்ள இடங்களுக்கானது) பெற்ற கருவி மட்டுமே போக வேண்டும். உறை போட்டுச் சமாளிக்கிற விஷயமில்லை இது.

மொத்தமாக ஆர்டர் தருமுன் 2 கருவிகளை 2 வாரம் தளத்தில் ஓட்டுங்கள். தொழிலாளர் போடும் அதே எண்ணெய்க் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். பிங் (நெட்வொர்க்கிலிருந்து பதில் வருகிறதா என்று தொடர்ந்து பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடங்கள். நடுவில் பதில் அறுந்தால், டேப்லெட் தூரத்து வைஃபை முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு வைஃபை முனையிலிருந்து அடுத்ததுக்குச் சட்டென மாற உதவும் 802.11 கே, வி, ஆர் வசதிகள் கருவியிலும் வைஃபை முனையிலும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, அதே வழியில் மறுபடி நடங்கள்.