டொல்பின் வேனின் முன்பக்கம் பதிந்தால்

படுக்கை, பற்றறி, 60 லீற்றர் தண்ணித் தாங்கி எல்லாம் ஏற்றிய பழைய ஹையேஸ் டொல்பினில் முன்பக்கம் பதிந்தால் பலர் முதலில் ஷொக் அப்சோபரை மாற்றுவார்கள். காசுதான் போகும். உயரத்தைத் தாங்குவது டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீள இரும்புக் கம்பி. ஷொக் குலுக்கலை அடக்க மட்டும்தான்.

சமதரையில், ரயர் காற்றைச் சரிபார்த்து, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்தேன். இடது 18 மில்லிமீற்றர் தாழ்வு. தாங்கி இருந்த பக்கமும் அதுதான். தாங்கி நிறைந்திருக்கும்போதே அளக்க வேண்டும், வெறுமையாக அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

பாரின் பின்நுனியில் உள்ள அட்ஜஸ்ட் போல்ட்டில் நிலாவெளிக் கடல் உப்புத் துரு. கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டேன். அவசரப்பட்டால் போல்ட் முறியும். போல்ட் மரையில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேசியை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சில்லு தொங்கும் நிலையில் லொக் நட்டை இளக்கி, அட்ஜஸ்ட் போல்ட்டை அரை அரைச் சுற்றாக முறுக்கினேன். என் வேனில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஏறியது. இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகே மறுபடி அளவு. இல்லாவிட்டால் சில்லு இறுகி நின்று பொய் உயரம் காட்டும்.

அளவுக்கு மீறித் தூக்கினால் சில்லைப் பிடிக்கும் மேல் கை (அப்பர் ஆம்) ரப்பரில் இடித்து 'டக் டக்' என்னும், அந்தக் கையின் உருண்டை மூட்டும் (போல் ஜொயின்ற்) சீக்கிரம் தேயும். போல்ட் கடைசிவரை போயும் ஏறாவிட்டால் பார் களைத்துவிட்டது. மாற்றும்போது இடது வலது மாறக்கூடாது, நுனியில் குறி இருக்கும். பிறகு வீல் எலைன்மென்ட் கட்டாயம்.