விடியல் முந்தும் டர்பனில் உறக்கத்தைக் காக்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் கோடைக்காலமான டிசம்பர் மாதத்தில், டர்பன் நகரில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுவதால், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் மெல்லிய திரையிட்ட அறைகளில் உறங்கும் நம்மவர் பலர் கடிகாரம் ஒலிக்கும் முன்பே விழித்துவிடுகிறார்கள். போனது ஒரு மணி நேரந்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது. இரவின் எந்தப் பகுதி போனது என்பதைப் பார்க்க வேண்டும்.

உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக, ஓர் இரவில் நான்கு முதல் ஆறு முறை வருகிறது. முதலில் சில நிமிட அரைத்தூக்கம். அடுத்து, இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் தணியும் இலேசான உறக்கம். இரவில் ஏறக்குறைய பாதி இதற்கே போகிறது. பின்னர் மூளையில் மெதுவான பேரலைகள் எழும் ஆழ்ந்த உறக்கமும், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் கனவு உறக்கமும் வருகின்றன. இந்தக் கடைசி நிலையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் விவரித்தனர். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. வளர்ச்சி இயக்குநீர் (ஹார்மோன்) அதிகம் சுரப்பதும் அப்போதுதான். கனவு உறக்கமோ விடியல் நெருங்க நெருங்க நீள்கிறது. ஆகவே கோடை வெளிச்சம் பறித்துக்கொள்வது பெரும்பாலும் கனவு உறக்கத்தின் பங்கைத்தான்.

எழும் நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள். ஆறு மணிக்கு எழ வேண்டியவர், பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் என்ற கணக்கில், கண்ணயர ஆகும் நேரத்தையும் சேர்த்து, பத்தரை மணிக்கே படுத்துவிட வேண்டும். விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதிருப்பது நல்லது.

கிழக்குச் சன்னலுக்குக் கனத்த, அடர்நிறத் திரை இடுங்கள். ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் சன்னலை இறுக மூடிவிட்டால், உறக்கத்துக்குத் தேவையான உடல் குளிர்ச்சி கிட்டாது. திரைக்குப் பின்னால் சன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளே தூக்கக் கலக்கத்தைத் தருகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அதன் வேலையைத் தடுக்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் அதில் ஏறக்குறைய பாதி உடலில் தங்கியிருக்கும். மாலையில் சூடாக ஏதேனும் குடித்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இந்நாட்டின் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீர் இருக்கிறது. அதில் காஃபீன் இல்லை.

இரவுப் பணி முடித்து வருபவருக்குப் பகல்தான் இரவு. அவர் அறையை இருட்டாக்குவதோடு, அவர் உறங்கும் நேரத்தில் தொலைபேசி, விருந்தினர், குக்கர் விசில் எதுவும் அவரை எழுப்பாதபடி வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் பகலெல்லாம் ஒருவர் அசந்து விழுந்தால், அவர் இரவில் குறட்டை விடுகிறாரா, நடுவே மூச்சு நின்று திணறி மீள்கிறாரா என்று அருகில் படுப்பவர் கவனித்து, அப்படியிருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.